நூற்றெண்பதும் தவறு

தலைகளை எண்ணிப் பார்த்தாள் தெய்வானை. அறுபத்தைந்து வந்தது. கையிலிருந்த பட்டியலில் அறுபத்து நாலு பேர். நடுவரிசையில் யாரையோ இரண்டு தடவை எண்ணிவிட்டோம் போலிருக்கிறது என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். யாரை ஏமாற்றுகிறாளாம்? அந்த ஒரு தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வகிடு எடுத்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கடைசி வரிசைக்கும் பின்னால், பின்கதவை ஒட்டி, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தூக்கிவந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் மடிமேல் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தெரிந்தும் எண்ணினாள். இந்தத் தடவை அறுபத்து நாலு வந்தது. சட்டென்று நிமிர்ந்து பின்கதவைப் பார்த்தாள். இருந்தாள், பெண் இருந்தாள், குனிந்து எழுதிக்கொண்டுதான் இருந்தாள். அட கடவுளே, எண்ணிக்கையில்கூட இவளை விட்டுவிட்டேனே என்று நினைத்தாள். மணி இரண்டு இருபது. ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. ஐந்து மணி வரைக்கும் மூன்று மணி நேரம், நூற்றெண்பது கேள்வி, சரியாகப் போட்டால் நாலு மதிப்பெண், தப்பாகப் போட்டால் ஒன்று கழியும், விட்டுவிட்டால் ஒன்றும் இல்லை. பதினாறு வருஷமாக இதே கணக்கு, இதே கூடம். நாமக்கல்லைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டின இந்தக் கூடம் ஒரு காலத்தில் கோழிப்பண்ணைக் கொட்டகை. சுவரெழுப்பி, தரைக்கு டைல்ஸ் பதித்து, மின்விசிறி மாட்டி, மருத்துவர் ஆக்கும் பயிற்சி மையம் என்று பலகையும் மாட்டியாயிற்று. வெயில் உச்சியில் ஏறினால் மட்டும் தகரக் கூரையிலிருந்து அந்தப் பழைய தீவன வாடை இறங்கும். பினாயில் ஊற்றிக் கழுவியும் போகவில்லை. அந்த வாடையில் அத்தனை பிள்ளைகளும் தலை கவிழ்ந்து வட்டம் வட்டமாகக் கறுத்துக்கொண்டிருந்தார்கள். பேனா தாளில் உரசுகிற சத்தம் மட்டும், மழைக்கு முன்னால் காய்ந்த சோளத்தட்டை உரசுகிற மாதிரி.

நிவேதிகா. பேரைக்கூடப் போன ஞாயிறுக்கு முன்னால் வாயால் சொன்னதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண், அப்பா டிராக்டர் மெக்கானிக், விடுதியில் தங்கிப் படிக்கிறாள், போன வருஷம் நுழைவுத்தேர்வு ஒரு தடவை எழுதி இடம் கிடைக்காமல் இது இரண்டாவது வருஷம். இதெல்லாம் போன வாரம் விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டது. அதற்கு முன்னால் அவள் ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். நானூற்று முப்பது. அடுத்த வாரம் நானூற்று இருபத்தெட்டு. அதற்கடுத்து நானூற்று முப்பத்திரண்டு. நாலு மாசமாக அங்கேயேதான் நின்றாள். இந்த மையத்தில் ஒரு வழக்கம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரேங்க் வரிசைப்படி இடம் மாறி உட்கார வேண்டும், முதல் ரேங்க்குக்குக் கரும்பலகைக்கு முன்னால் முதல் இடம், கடைசிக்குப் பின்கதவோரம். முன்னால் இருப்பவர்களைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும், பின்னால் இருப்பவர்களைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும், வாத்தியார்களுக்கு இரண்டு கண்ணும் அதற்கே சரியாகப் போகிறது. நட்டநடுவில் முப்பதாவது முப்பத்தோராவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறவளை யார் பார்ப்பார்கள்? வேண்டுமென்றே அங்கே உட்கார்ந்தாளா? ஒவ்வொரு வாரமும் அளந்து அளந்து நானூற்று முப்பதா? சே, அப்படியெல்லாம் யாராவது... போன ஞாயிறு வரைக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருந்தால் தெய்வானையே சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிறு சாயங்காலம் கம்ப்யூட்டர் அறையில் அவளும் ஆபரேட்டர் மோகனசுந்தரமும்தான் இருந்தார்கள். இயந்திரம் தாள்களைச் சர்ரு சர்ரென்று விழுங்கித் துப்பிக்கொண்டிருந்தது. மோகனசுந்தரம் "ஒரு டீ சாப்ட்டு வந்தர்றனுங் மிஸ்" என்று போய்விட்டான். திரையில் கடைசி வரியில் சிவப்பாக மைனஸ் நூற்றெண்பது. மைனஸ் பத்து பார்த்திருக்கிறாள், ஜுரத்தோடு எழுதின ஒருத்தன் மைனஸ் இருபத்திரண்டு வாங்கினதும் உண்டு. நூற்றெண்பதா! பாவம், யாரோ ஒன்றும் தெரியாத குழந்தை என்றுதான் முதலில் பட்டது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மைனஸ் வாங்கினவர்களை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கில் பெயர் வாசிப்பார் சேர்மன், கைதட்டச் சொல்லி வேறு கிண்டல் செய்வார். அந்த மேடையில் ஏறி இறங்கின பிள்ளைகளின் முகத்தைத் தெய்வானை பார்த்திருக்கிறாள். அந்த முகத்தோடு அவர்கள் விடுதி அறைக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்துவதையும். அதனால்தான், சத்தியமாக அதனால் மட்டும்தான், வருகைக் கட்டத்தில் மவுஸை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். ஆப்சென்ட். சிவப்பு வரி காணாமல் போயிற்று. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மோகனசுந்தரம் வந்து, "முடிஞ்சுதுங்களா?" என்றான். "முடிஞ்சுது" என்றாள். நல்ல காரியம் செய்த திருப்தியில் போகிற வழியில் மல்லிகைப்பூகூட வாங்கிக்கொண்டாள். பெருமை பிடிபடவில்லை மகராசிக்கு!

வீட்டில் குக்கர் விசிலுக்குக் காத்திருந்தபோது சும்மா அந்தத் தாளைப் பிரித்து விடைக்குறிப்போடு வைத்துப் பார்த்தாள். தாவரவியல் வினாத்தாள் அவளே தயாரித்தது, விடைகள் மனப்பாடம். முதல் கேள்வி தப்பு. இரண்டாவது தப்பு. இருபதாவது தப்பு. நாற்பதைத் தாண்டும்போதுதான் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு மனம் போன போக்கில் வட்டம் கறுத்தால்கூட நாலில் ஒன்று விழுந்துவிடும், நூற்றெண்பதில் நாற்பத்தைந்து கேள்வியாவது சரியாகிவிடும். குழந்தையிடம் பேனாவைக் கொடுத்தாலும் ஆகும். ஒன்றுகூடச் சரியாகாமல் இருக்க வேண்டுமென்றால், ஐயோ, ஒவ்வொன்றுக்கும் சரியான விடை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து, அதை மட்டும் தொடாமல் பக்கத்து வட்டத்தைக் கறுக்க வேண்டும். இயற்பியலில் அந்தக் கூடத்து முதல் ரேங்க் பையனே கோட்டைவிட்ட மூன்று கேள்விகள் இருந்தன. அவற்றிலும் சரியான விடையை ஒதுக்கியிருந்தாள். முழு மதிப்பெண்ணுக்கான தாள் அது, அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்தது. குக்கர் ஆறு விசில் அடித்ததும் வீட்டுக்காரர் வந்து அணைத்தார். "என்ன புள்ள, பேயடிச்ச மாதிரி நிக்கற?" என்றார். பருப்பு குழைந்து போயிருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "மாணவர்களே, ஒரு மணி நேரம் முடிந்தது." எவரும் நிமிரவில்லை. தெய்வானை எழுந்து வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். நடந்தால் யோசனை குறையும் என்று ஒரு நம்பிக்கை. எங்கே குறைந்தது? கூற்று: அவள் போன வாரம் தேர்வுக்கு வரவில்லை. காரணம்: ஆசிரியை அவளைக் காப்பாற்ற நினைத்தாள். கூற்று தவறு, காரணம் சரி. இல்லை, காரணமும் தவறு. பதினாறு வருஷம் கேள்வித்தாள் தயாரித்துத் தயாரித்து மண்டைக்குள் எல்லாமே நாலு விடையாகத்தான் வருகிறது. காலையில் வீட்டுக்காரர் "தோசையா, இட்லியா" என்றால் "இரண்டும், இரண்டும் இல்லை" என்று மிச்ச இரண்டு விடையும் தானாக வந்து நிற்கும். அவளும் ஒரு காலத்தில் நுழைவுத்தேர்வு எழுதினவள்தான், அரை மதிப்பெண்ணில் போயிற்று டாக்டர் படிப்பு. அரை மதிப்பெண்! அதை நினைக்காத நாள் குறைவு. போன மாசம் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி போனால் அங்கே டாக்டர் நாற்காலியில் அவளிடம் படித்த பையன். நிமிர்ந்தே பார்க்காமல் மாத்திரை எழுதி "நெக்ஸ்ட்" என்றான். கோபப்பட முடியவில்லை. அவனுக்கு அப்படி உட்காரக் கற்றுக் கொடுத்ததே நாம்தானே. தலையைத் தூக்காதே, பக்கத்தில் பார்க்காதே, தெரியவில்லையா, விட்டுத் தள்ளு, அடுத்தது, அடுத்தது. பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே அதுதான். முதலில் தப்பானதையெல்லாம் அடி, மிச்சம் நிற்பது விடை. இந்தப் பெண் அதைத்தான் செய்திருக்கிறாள், மிச்சம் நிற்பதை விட்டுவிட்டு.

ஏன்? அங்கேதான் மனசு முள்ளில் மாட்டின துணி மாதிரி மாட்டிக்கொண்டது. விளையாட்டா? நூற்றெண்பது கேள்விக்கு எவளாவது விளையாடுவாளா? கோபமா? யார்மேல்? அல்லது... அந்த அல்லதுவை மட்டும் தெய்வானை வாரம் முழுக்கத் தள்ளித் தள்ளி வைத்தாள். திங்கட்கிழமை கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றுதான் வந்தாள். வந்தால் ரேங்க் பட்டியலில் நிவேதிகா என்ற பேரே இல்லை. வராதவர்களை மென்பொருள் பட்டியலிலேயே சேர்க்காதாம். அறுபத்து நாலு பேருக்கு அறுபத்து நாலு இடம், மிஞ்சின ஒன்றைக் காலையிலேயே எடுத்துவிட்டிருந்தார்கள், எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்து முடித்தபோது ஒருத்தி மட்டும் நடுவில் நின்றாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. வெளியே போய் அந்த வெள்ளை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து வருகைப் பதிவில் அவள் பெயர் வாசிக்கப்படவில்லை, குறிப்பேடு கொடுக்கும்போது ஒன்று குறைந்தது, பக்கத்தில் இருக்கிற பெண்கள்கூட அவளைத் தாண்டித் தாண்டிப் பேசினார்கள். எப்படி இவ்வளவு சீக்கிரம்? ஒரு அழுத்து அழுத்தினதற்கா? இயற்பியல் சார் "பின்னாடி காலிச் சேர் எதுக்குப் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று செவ்வாய்க்கிழமை கேட்டார். அப்போது அவள் அதில் உட்கார்ந்திருந்தாள்! தெய்வானை "அது... பொண்ணு உக்காந்திருக்குதுங்க சார்" என்றாள். "ஓ" என்றார் அவர். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. கூப்பிட்டுப் பேசினால் விஷயம் வெளியே வரும், யார் ஆப்சென்ட் போட்டது என்று நோண்டுவார்கள், மதிப்பெண்ணில் கை வைத்தவளை இந்த ஜில்லாவில் எந்த மையமும் சேர்க்காது. இதுதான் நிஜம். மற்றதெல்லாம் சால்ஜாப்பு. பயந்தாங்கொள்ளி தெய்வானை, ஊருக்கு உபதேசம் பண்ணுகிற தெய்வானை!

இன்றைக்கும் கட்டுக்குள் அறுபத்து நாலு வினாத்தாள்தான் இருந்தது. எல்லாருக்கும் கொடுத்து முடித்துத் திரும்பினால் பின்கதவோரம் ஒரு கை நீண்டிருந்தது. கேட்கவில்லை, சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. மேற்பார்வைக்காக வைத்திருந்த தன் பிரதியையும் பெயர் அச்சடிக்காத உபரி விடைத்தாளையும் அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் பட்டன. இந்த வெயிலில் அப்படி ஒரு சில்லிப்பு. கையை உதறிக்கொள்ளத் தோன்றியது, உதறவும் செய்தாள், உடனே வெட்கமாகவும் இருந்தது.

இப்போது மணி மூன்றே முக்கால். ஒவ்வொரு வரிசையாக வந்தவள் கடைசி வரிசையில் திரும்பாமல் நின்றாள். இங்கிருந்து நாலு எட்டு. அந்தக் கை மட்டும் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் யோசிக்கிறார்கள், பேனா மூடியைக் கடிக்கிறார்கள், ஒரு கேள்வியில் தேங்கி அடுத்ததில் ஓடுகிறார்கள். இந்தக் கை தேங்கவே இல்லை. ஒரு வட்டம், ஒரு நிறுத்தம், ஒரு வட்டம், ஒரு நிறுத்தம். எல்லா நிறுத்தமும் ஒரே அளவு. தெய்வானை தன்னை அறியாமல் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நாற்பது எண்ணிக்கை. சுவர்க் கடிகாரத்து முள்ளுக்கும் அந்தக் கைக்கும் ஏதோ ஒப்பந்தம் மாதிரி. முகத்தைப் பார்க்க முயன்றாள், முடி விழுந்து மறைத்தது. வாரம் முழுக்கப் பார்த்திருந்தும் அந்த முகத்தை இப்போது நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லையே, மூக்கு எப்படி இருக்கும், பொட்டு வைப்பாளா? விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த போட்டோதான் வந்தது, அதுவும் வெள்ளைப் பின்னணி மட்டும். ஒருவேளை நிஜமாகவே வரவில்லையோ? போன வாரமே எங்கேயோ போய்விட்டாளோ? இது நம் கண்ணுக்கு மட்டும்... சீ, என்ன யோசனை இது, வெயில் தலைக்கேறிவிட்டது. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். இன்னும் ஒரு எட்டு. குனிந்து பார்த்தாள். நூற்றிரண்டாவது கேள்வி அவள் போட்டது, ஒளிச்சேர்க்கை, விடை மூன்று. கறுத்திருந்தது இரண்டு. நூற்று மூன்றுக்கு விடை ஒன்று. கறுத்திருந்தது நாலு. நூற்று நாலு, நூற்றைந்து, நூற்றாறு... கண் கீழே இறங்க இறங்க ஒன்றுகூடச் சரியில்லை. மறுபடியும் அதையே செய்கிறாள்.

தேர்வுக் கூடத்தில் மேற்பார்வையாளர் பேசக் கூடாது. மூலையில் கேமரா சிவப்புக் கண்ணை வைத்துக்கொண்டு பார்க்கிறது, அந்தப் பக்கம் சேர்மன் அறை. தெய்வானை நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, காதோரம் கேட்டாள். "என்ன கண்ணு பண்ற?"

கை நின்றது. முடிக்குள்ளிருந்து குரல் வந்தது. மெல்லிய, சாதாரணமான, இருமல் கலந்த குரல். "இருங்க மிஸ். ஒண்ணு மாறிப்போய் சரியாயிடும். அப்புறம் எல்லாம் வீணாயிடும்."

"எல்லாத்துக்கும் விடை தெரியுமா உனக்கு?"

"தெரியும் மிஸ்."

"அப்புறம் ஏன் சாமி? சரியாப் போட்டா நீதானே ஃபர்ஸ்ட்டு?"

"ஃபர்ஸ்ட் வந்தா போட்டோ எடுப்பாங்க மிஸ்" என்றாள் பெண். "கடைசியா வந்தாத்தான் கூப்ட்டு, என்னாச்சு உனக்குன்னு கேப்பாங்க. சும்மா கடைசின்னா திட்டிட்டு விட்ருவாங்க. இப்படி வந்தா யாருக்காச்சும் புரியும்ல, இவ இதெல்லாம் தெரிஞ்சேதான் தப்பாப் போட்டிருக்கான்னு. கூப்டுவாங்கன்னு நெனச்சேன். எனக்குப் பத்து நாளா தூக்கமே இல்ல மிஸ். கண்ண மூடினா வட்டம் வட்டமா வருது. மாடிப்படியில ஏறினா ஏறிக்கிட்டே இருக்கணும்னு தோணுது. பயமா இருக்கு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. அதான் எழுதினேன்."

அந்த அல்லது இதோ பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு விடுகிறது. இந்தப் பிள்ளை கத்தியிருக்கிறது. நூற்றெண்பது தடவை, ஒரு பிசிறு இல்லாமல், இந்தக் கூடத்தில் எவருக்கும் தெரியாத அளவு சுத்தமாகக் கத்தியிருக்கிறது. அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பூ வாங்கிப் போனது யார்?

பெண் முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். சின்ன முகம், கண்ணுக்குக் கீழே கன்றிப்போய், நெற்றியில் பருவோடு, எந்த வீட்டிலும் இருக்கிற ஒரு பதினெட்டு வயசு முகம். "மிஸ், அப்பாவுக்கு மெசேஜ் போயிருச்சு, உங்கள் மகள் தேர்வுக்கு வரவில்லைன்னு. ஹாஸ்டல்ல இருந்துகிட்டு பரிட்சைக்கு வரலேன்னா எங்க போன, யாரோட போனேன்னு கேட்டாரு. வந்தேன்ப்பா, எழுதினேன்ப்பான்னு எவ்ளவோ சொன்னேன். நம்பல. அதுலேர்ந்து ஃபோன எடுக்கவே மாட்டேங்கறாரு. இங்க என் பேரையும் கூப்பிடறதில்ல. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு." உதட்டை நனைத்துக்கொண்டாள். "நான் வந்தேன்ல மிஸ்?"

மெசேஜ். அதை அவள் நினைக்கவே இல்லை. வராதவர்கள் வீட்டுக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும் என்பது இந்த மையத்தில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். தெய்வானைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தன்னைப் பற்றித்தான் அழுவோம் என்று தெரிந்து அடக்கினாள். அப்புறம் எழுந்து நின்றாள். எப்போதும் பாடம் நடத்துகிற குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "வந்தே கண்ணு. போன ஞாயித்துக்கெழம நீ வந்தே, முப்பத்தோராவது எடத்துல உக்காந்து மூணு மணி நேரமும் எழுதினே. நான் பார்த்தேன். வரலேன்னு போட்டது நான்தான். உங்கப்பாகிட்ட நானே பேசறேன், சேர்மன்கிட்டயும் நானே சொல்றேன். நீ எங்கயும் போகல."

ஒலிபெருக்கி கரகரத்தது. "தெய்வானை மிஸ், ஹாலில் பேச வேண்டாம். உடனே ரூமுக்கு வாங்க." நாலைந்து தலைகள் திரும்பின. தெய்வானை கேமராவைப் பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டினாள். வேலை போகும். போகட்டும், என்ன இப்போ!

பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடினாள். அட்டையை மடியில் வைத்து, அதன்மேல் கையை மடித்து, கைமேல் தலையை வைத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, தோள்கள் இறங்கின. தூங்கிவிட்டாள். ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது. பின்கதவுக்கு வெளியே யாரோ செருப்புச் சத்தத்தோடு வேகமாக வந்தார்கள். தெய்வானை ஒரு கையால் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அசைவே இல்லை. அவ்வளவு அசையாமல் யாராவது தூங்குவார்களா? குனிந்து, விழுந்து கிடந்த முடியை மெதுவாக ஒதுக்கி, விரலை அவள் மூக்குக்குக் கீழே வைத்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அப்புறம் விரல்மேல் வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. கதவைத் தட்டினார்கள். தெய்வானை விரலை எடுக்கவில்லை.